ஏலாது என்று சொல்ல முடிந்த இடம்

போன மாதம், நான் ஓய்வுபெற்ற கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் தண்ணீருக்கடியில் வேலை செய்யும் சுழியோடிகளுக்குப் புதிய ஓய்வறை ஒன்று கட்டியிருக்கிறார்களாம். குளிரூட்டி, கோப்பி இயந்திரம், கரம் பலகை, காலை நீட்டிச் சாய்ந்து படுக்கக்கூடிய கதிரைகள் எல்லாம் போட்டிருக்கிறார்களாம்.

"அங்கிள், வேலை செய்யிற இடம் சந்தோசமா இருக்கிறதுக்கு என்ன வேணும் எண்டு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. பழைய ஆக்கள் எல்லாரிட்டையும் கேட்டிருக்கிறம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு பக்கத்தில் அடங்காது என்று தெரிந்தது.

குளிரூட்டியை நான் குறை சொல்லமாட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறி, கொதிக்கிற இரும்புத் தளத்தில் ஏறி வருகிறவனுக்குக் குளிர்ந்த அறை பெரிய உபகாரம். ஆனால் நான் சுழியோடியாக இரண்டு இடங்களில் வேலை செய்தவன். முதல் இடத்தில் குளிரூட்டி இருந்தது. நல்ல சாப்பாடும் இருந்தது. அங்கே வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் வாசலில் செருப்பைப் போட எனக்கு நேரம் எடுக்கும். இரண்டாவது இடத்தில் தகரக் கொட்டகையும் உட்கார ஒரு வாங்கும்தான். அங்கே விடுமுறை நாளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

உப்புவெளியில் பிறந்தவன் நான். கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் போய்ப் பழகிய உடம்பு. யுத்தம் முடிந்த பிறகு துறைமுகங்களில் கப்பல் வேலை பெருகியது. கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க, சுத்தம் செய்ய, ஏதும் சிக்கினால் எடுத்துவிட ஆட்கள் தேவைப்பட்டார்கள். பயிற்சி தந்தார்கள், சான்றிதழ் தந்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சை எப்படி அளந்து விடுவது என்று கடல் எனக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தது. படித்தவர்கள் அதற்குப் பெயர்கள் சொல்லித் தந்தார்கள்.

முதல் வேலை வேறொரு துறைமுகத்தில். பாதுகாப்பே முதன்மை என்று மூன்று மொழியிலும் சுவரில் எழுதியிருந்தார்கள். அங்கிருந்த மேற்பார்வையாளர் சத்தம் போடுகிறவர் அல்ல. ஒருவன் தயங்கினால், அவனை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்ப்பார். பிறகு, "ஏலாட்டி வீட்டை போகலாம், வாசல்ல ஆக்கள் நிக்கினம்" என்பார். அவ்வளவுதான். ஒருநாள் சளி பிடித்துத் தடிமனோடு ஒருவன் இறங்கினான். தடிமன் என்றால் காதுக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள வழி அடைத்துவிடும். ஆழம் போகப்போகத் தண்ணீர் காதை உள்ளே தள்ளும். அவன் ஏறிவந்தபோது காதால் இரத்தம் வடிந்தது. ஏணியில் தலை அடிபட்டது என்று அவனே சொன்னான். நாங்களும் தலையாட்டினோம். அந்த ஏணி எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, திருகோணமலையில் புதிதாகத் தொடங்கிய சிறிய கம்பனி ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் ஹனீபா நானாவைக் கண்டேன்.

நானா என்றால் முஸ்லிம் ஆட்களிடம் அண்ணன். அவர் கிண்ணியாக்காரர். நால்வர் கொண்ட எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். கட்டையான உருவம், வெற்றிலை போடாத நேரத்தில்கூட எதையோ மென்றுகொண்டிருப்பது போன்ற வாய். மற்ற மூவரில் நான் ஒருவன். இன்னொருவன் சுனில், சீனன்குடாப் பக்கத்துச் சிங்களவன். அவன் தமிழ் நொண்டும், ஆனால் நிற்காது. மூன்றாமவன் தவராசா, சம்பூர் ஆள். இடம்பெயர்ந்து அலைந்து, பிறகு திரும்பிப் போய்த் தன் காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். வேலை போய்விடக்கூடாது என்ற பயம் எங்கள் எல்லாரையும்விட அவனுக்கு அதிகம்.

முதல் நாள் காலை கொட்டகையில் கூடினோம். நானா எங்களைப் பார்த்து, "இண்டைக்கு ஆருக்கு ஏலா?" என்று கேட்டார்.

நான் அப்படி ஒரு கேள்வியை எந்த வேலைத்தளத்திலும் கேட்டதில்லை. யார் இறங்குவீர்கள் என்று கேட்பார்கள். யாருக்கு ஏலாது என்று கேட்கமாட்டார்கள். பொறி வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். மூவரும் உடுப்பு மாற்ற எழும்பினோம்.

"சரி, அப்ப நான் சொல்றன்" என்றார் நானா. "எனக்கு முதுகு ஏலா. கொம்பிரஷர் தூக்கச் சொல்லிக் கேக்காதீங்க."

கீழே போகிறவனுக்குக் காற்று அனுப்பும் அந்தக் கொம்பிரஷரை அவர் அன்றைக்குத் தொடவே இல்லை.

ஒவ்வொரு காலையும் அதே கேள்வி. முதல் பதில் எப்போதும் அவருடையதுதான். கண்ணில் தூசு விழுந்தது என்பார். சம்சாரத்தோடு சண்டை, தலை சூடாக இருக்கிறது என்பார். கொஞ்ச நாளில் சுனில் வாயைத் திறந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், இரவு முழுக்க நித்திரை இல்லை என்றான். இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மட்டும் மேலேயிருந்து பிடிக்கிறேன் என்றான்.

"நித்திரை இல்லாதவன் கயிறு புடிக்கப் போடாது" என்றார் நானா. "அதுதான் கீழ கிடக்கிறவன்ட உசிரு. நீ தேத்தண்ணி ஊத்து."

சுனில் தேத்தண்ணி ஊற்றினான். அடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதமும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. சொல்லிக்காட்டாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று யோசித்தேன்.

என் முறை வர நெடுநாள் சென்றது. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அப்பாவின் திவசம் அன்று. வீட்டில் தம்பி செய்துகொண்டிருந்தான், நான் வேலைக்கு வந்துவிட்டேன். மனம் மட்டும் வரவில்லை. "நானா, சுகமில்லை எண்டு சொல்ல ஒண்டுமில்லை, ஆனா..." என்று இழுத்தேன்.

"மனசு ஏலாட்டியும் ஏலாதான் தம்பி" என்றார். "ஊட்ட போய்ட்டு வா. ஊட்டுச் சாப்பாடு கொண்டா."

வடை, பாயசத்தோடு பின்னேரம் திரும்பி வந்தேன். நால்வரும் வாங்கில் இருந்து சாப்பிட்டோம்.

ஏலாது என்கிறவன்தான் அன்று தேத்தண்ணி ஊற்றவேண்டும் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. எப்போதாவது தவராசா தானாக ஊற்றும் தேத்தண்ணியை மனிதர் குடிக்க முடியாது. சாயம் கசக்கும், சீனி அடியில் கிடக்கும். அவன் சுகமாக இருக்கவேண்டும் என்று மூன்று மதத்திலும் நேர்த்தி வைத்திருந்தோம். ஆனால் உண்மை என்னவென்றால், அவன் ஒருநாளும் ஏலாது என்று சொன்னதில்லை. கேள்வி வந்ததும் நிலத்தைப் பார்ப்பான். நானா அவனை வற்புறுத்தவும் இல்லை.

அந்த நாட்களில் என் மனைவி பவானி ஒன்று சொன்னாள். "இப்ப நீங்கள் சாப்பிடேக்கை கதைக்கிறியள். முந்தி தட்டைப் பாத்துக்கொண்டே சாப்பிடுவியள்." எனக்கே தெரியாத விடயம் அது.

இனி, ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாரி காலம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மகாவலி ஆறு கொண்டுவந்த மண்தண்ணீர் கொட்டியாரக் குடா முழுக்கப் பரவி, கடல் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. துறையிலிருந்து வெளிக்கிட்ட சரக்குக் கப்பல் ஒன்று, தன்னைக் கட்டியிருந்த நைலோன் வடத்தையே தண்ணீரில் தவறவிட்டு, அதைத் தன் அடியில் சுழலும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. மறுபடி துறையில் கட்டி நிறுத்தினார்கள். வடத்தை வெட்டி எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் கம்பனிக்கு அப்போது புது மனேஜர் வந்திருந்தார், கொழும்பு ஆள், இளம் வயது. கப்பல் அன்றைக்கே புறப்படவேண்டும் என்று கொழும்பிலிருந்து அவருக்குத் தொலைபேசிக்கு மேல் தொலைபேசி.

காலையில் நானா வழக்கமான கேள்வியைக் கேட்டார். மனேஜரும் பக்கத்தில் நின்றார். அன்றைய ஒழுங்கை முன்பே பேசி வைத்திருந்தோம். நான் இறங்குவது. சுனில் என் கயிற்றைப் பிடிப்பது. தவராசா ஆயத்த சுழியோடி. அதாவது உடுப்புப் போட்டு, பட்டி கட்டி, எனக்கு ஏதும் நடந்தால் உடனே குதிக்கத் தயாராகப் படகில் இருக்கவேண்டியவன்.

நானா தன் முழங்காலைப் பற்றி ஏதோ சொன்னார். தவராசா நிலத்தைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

"நானா, எனக்குத் தடிமன். ஒரு காது அடைச்சுக் கிடக்கு."

மனேஜர் முகம் மாறியது. "சும்மா படகிலதானே இருக்கப் போறார். அவர் இறங்கிறதில்லையே?"

"இறங்கத் தேவ வந்தா இறங்கத்தான் சேர் அவன் இரிக்கிறான்" என்றார் நானா. "சுனில், நீ உடுப்பப் போடு. தவராசா கயிறு புடிக்கட்டும். கயிறுக்குக் காது தேவல்ல."

சுனில் உடுப்பு மாற்றி, அவன் காற்றுக்குழாயைச் சோதித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். மனேஜர் அங்குமிங்கும் நடந்தார். தவராசாவின் கழுத்து சிவந்திருந்தது.

இறங்குவதற்கு முன் நானா ஒரு வேலை செய்வார், அதை யாரிடமும் விடமாட்டார். தானே கப்பலில் ஏறி, இயந்திர அறைக்குப் போவார். பெரிய இயந்திரத்தைக் கிளப்பும் காற்று வரும் வால்வுக்குச் சங்கிலி போட்டுத் தன் பூட்டைப் போடுவார். புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும் சிறிய மோட்டர் ஒன்று இருக்கும், அதன் சுவிச்சுக்கும் இன்னொரு பூட்டு. இரண்டு பூட்டின் திறப்புகளையும் நூலில் கோர்த்துக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டுக்கொண்டு இறங்கி வருவார். கப்பல் கப்டன் கேட்டாலும் கொடுக்கமாட்டார். கீழே போனவன் மேலே வந்து, தன் கையால் முகக்கவசத்தைக் கழற்றி, அவரைப் பார்த்துத் தலையாட்டிய பிறகே திறப்பு வெளியே வரும்.

நான் இறங்கினேன். கண்ணுக்கு முன்னால் என் கையே தெரியவில்லை. தடவித்தான் போனேன். புரொப்பெல்லரின் இதழ் ஒவ்வொன்றும் என்னைவிடப் பெரியது. வடம் சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, ஒரே கட்டியாக இறுகியிருந்தது. அதை வெட்ட எங்களிடம் இருந்த மிகச் சிறந்த ஆயுதம் பேக்கரிப் பாண் வெட்டும் கத்தி. சிரிக்கவேண்டாம், பல்லுவைத்த அந்தக் கத்திக்கு நைலோன் பணியும்போல் வேறு எதற்கும் பணியாது.

முகக்கவசத்துக்குள் தொலைபேசி இருந்தது. அதைவிட நாங்கள் நம்பியது கயிற்றை. மேலிருந்து ஒரு இழுப்பு வந்தால் "சுகமா?" என்று அர்த்தம். கீழிருந்து ஒரு இழுப்பு "சுகம்". தவராசா தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்று அறுந்துகொண்டு வந்தது. "வெட்டிப் போட்டன் நானா, வெளியில வாறன்" என்று தொலைபேசியில் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. இறுகிக் கிடந்த வடம் விசையோடு தெறித்தது. அதன் ஒரு பாதி விலகிப் போனது, மறு பாதி என் காலைச் சுற்றி, காற்றுக்குழாயையும் கயிற்றையும் சேர்த்து இதழோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. தொலைபேசி செத்துப்போனது. காற்று மெலிந்தது. உறிஞ்சினால் கொஞ்சம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. முதுகில் இருந்த அவசரச் சிலிண்டரைத் திறந்தேன். அதில் இருப்பது கொஞ்ச நேரக் காற்று. கத்தி கையிலிருந்து போய்விட்டது. கயிற்றை நான்குமுறை இழுத்தேன், என்னைத் தூக்கு என்று. வடம் நசுக்கிப் பிடித்திருந்த கயிறு அசையவே இல்லை.

மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கேட்டறிந்தேன். அறுந்துபோன பாதி வடம் மிதந்து மேலே வந்திருக்கிறது. அதைக் கண்டு கப்பலில் இருந்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். "வெளியில வாறன்" என்று நான் சொன்னதையும் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கப்டன் மேல்தட்டிலிருந்து, சிறிய மோட்டரைப் போட்டு அரைச் சுற்று பின்னால் திருப்பினால் மிச்சமும் கழன்றுவிடும் என்று கத்தியிருக்கிறார். மனேஜர் படகுக்கு மேலே துறை ஓரத்தில் நின்று கையை நீட்டியிருக்கிறார்.

"ஹனீபா, திறப்பைத் தாங்கோ. ஆள்தான் வெளியில வந்திட்டாரே."

"வாறன் எண்டவன் வரட்டும் சேர்."

"அரைச் சுற்றுத்தானே? கொழும்புக்கு நான் என்ன சொல்லுறது?"

நானா தவராசாவைப் பார்த்திருக்கிறார். தவராசா கயிற்றை ஒருமுறை இழுத்தான். காத்திருந்தான். மறுபடி இழுத்தான்.

"நானா, எனக்குச் சரியாப் படேல்லை" என்றான். "கல்லிலை கட்டின மாதிரிக் கிடக்கு. அந்தப் பக்கத்தில ஆள் இல்லை."

அவ்வளவுதான். சுனில் கவசத்தை மாட்டினான், குதித்தான். என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை.

கீழே நான் அசையாமல் இருந்தேன். உதறினால் மூச்சு கூடும், காற்று முடியும். என் தோளுக்கு மேலே, தொட்டுக்கொண்டிருந்த இதழ் அசைந்தால் நான் இரண்டு துண்டு. ஆனால் அது அசையும் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். காற்று முடியுமா என்று பயந்தேன். பவானியை நினைத்தேன், அவள் அன்று காலை திட்டியதையும் நினைத்தேன். புரொப்பெல்லரைப் பற்றிப் பயப்படவில்லை. அது நானாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிலிண்டரில் காற்று குறைந்து, உறிஞ்சக் கடினமாகத் தொடங்கியபோது, என் முதுகில் ஒரு கை பட்டது. பிறகு தோளில். இரண்டுமுறை அழுத்தியது. சுனிலின் கைதான், அவன் விரலில் ஒன்று குட்டை. அவன் என் காலைத் தடவினான், வடத்தைத் தடவினான், அறுக்கத் தொடங்கினான். கத்தியின் அதிர்வு என் எலும்பில் தெரிந்தது. காலும் குழாயும் கயிறும் விடுபட்டன. அவன் என்னை இடுப்பில் பிடித்து மேலே தள்ளினான்.

மழை முகத்தில் விழுந்தது. முகக்கவசத்தை நானே கழற்றினேன். நானாவைப் பார்த்துத் தலையாட்டினேன். தவராசா கயிற்றை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விடு தவம், நான் மேல வந்திட்டன்" என்றேன்.

அவன் விடவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

சுனில் படகில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே, "மச்சான் பாலா, நீ பாரம் சரியான கூட. வடை குறை" என்றான். அந்தப் படகில் எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு நிற்க நேரம் எடுத்தது.

மிச்ச வடத்தைப் பின்னேரம் சுனில் வெட்டி எடுத்தான். என்னை இறங்க விடவில்லை. நான் அலுவலகத்துக்குப் போய் உடுப்பு மாற்றி உட்கார்ந்திருந்தபோது, வேலை முடிந்ததும் மனேஜர் நால்வரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். காலையில் ஏற்பட்ட தாமதத்துக்குக் கொழும்பு விளக்கம் கேட்கிறது என்றார். சுகமில்லாதவரை ஏன் அன்றைய வேலைக்கு வைத்தீர்கள் என்று கேட்கிறார்களாம். தவராசாவின் பெயரைச் சொல்லும்போது அவன் பக்கம் பார்க்கவில்லை.

தவராசா எழுந்து நின்றான். வாய் திறக்க முதல் நானா கையைக் காட்டி இருத்தினார்.

"சேர், காலைல இவன் வாய மூடிட்டு இருந்திருந்தா, பாலாவத் தேடி இவன்தான் குதிச்சிரிப்பான். அடச்ச காதோட பாதி வழிதான் போயிரிப்பான். வலில திரும்பி வந்திரிப்பான், இல்லாட்டி வராமலே போயிரிப்பான். நாம இப்ப தாமதத்தப் பத்திக் கதைக்க மாட்டம். ரெண்டு ஊட்டுக்கு ஆர் போய்ச் சொல்றது எண்டு கதைப்பம்."

மனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் திறப்பைக் கேட்டனான்" என்றார். "உங்களுக்குச் சொன்னவையா?"

"சொன்னவை சேர்."

"நீங்கள் வெளியில எண்டுதான் நினைச்சனான்."

"நானும் அப்பிடித்தான் சேர் சொன்னனான்" என்றேன்.

அவர் எழுந்து யன்னல் பக்கம் போனார். திரும்பியபோது, "கொழும்போட நான் கதைக்கிறன். தவராசா, நீங்கள் வீட்டை போய் ஆவி பிடியுங்கோ. காது சரியாகினாப் பிறகு வாங்கோ" என்றார். அப்போதுதான் தவராசா கதிரையில் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தான்.

அந்த மனேஜர் எங்களோடு பல வருடம் இருந்தார். நல்ல மனிதர். அவருக்கும் யாரோ ஒருவர் மேலே இருந்து ஏலாட்டி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அன்று விளங்கிக்கொண்டேன். அவர் போட்ட கொழும்புத் தொலைபேசியில் என்ன கதைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. விளக்கம் கேட்டு வேறு யாரும் வரவில்லை.

தொலைபேசியில் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் என்ன எழுதிக் கொடுப்பது? பயமில்லாமல் இருக்கலாம் என்பதை நான் சந்தோசம் என்கிறேன். எங்கள் சிரிப்பும் பகிடியும் வடை பாயசமும் பயமில்லாத அந்த நிலத்தில் தானாக முளைத்தவை. ஓய்வறையில் கரம் விளையாடுங்கள், நல்ல கோப்பி குடியுங்கள். ஆனால் காது அடைத்த அன்று அதை மனேஜர் முன்னால் சொல்ல உங்களுக்கு வாய் வருமா என்று பாருங்கள். வந்தால் அந்த அறை நல்ல அறை.

வடம் வெட்டியதற்கு அடுத்த நாள் எனக்கு விடுப்புத் தந்திருந்தார்கள். வீட்டில் நிற்க மனமில்லை. பவானியிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. நானாவும் சுனிலும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தவராசாவும் நின்றான். ஒருவரையொருவர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அந்தக் கப்பலின் வடங்களைக் கழற்றினார்கள். கப்பல் கரையை விட்டு அங்குலம் அங்குலமாக விலகியது. பிறகு அதன் பின்பக்கத்தில் மண்ணிறத் தண்ணீர் மெல்லக் கிளம்பி, சுழன்று, வெள்ளையாக நுரைத்தது. புரொப்பெல்லர் சுற்றத் தொடங்கிவிட்டது. நான் காய்ந்த சட்டையும் செருப்புமாக, கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு, கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.